ஆனர்ஸ் தீசிஸ் டாபிக் "இந்தியா-அமெரிக்கா உறவு"ன்னு குடுத்தேன், புரொபசர் ஒரே வரில திருப்பிட்டாரு, ஹெல்ப் பண்ணுங்க

ஈரோட்டுக்காரி_கான்சாஸ்:

எல்லாருக்கும் வணக்கம்ங்க. நான் கான்சாஸ்ல ஒரு ஸ்டேட் யுனிவர்சிட்டில மூணாவது வருஷம் படிக்கறேன், பொலிட்டிகல் சயின்ஸ் மேஜர், எகனாமிக்ஸ் மைனர். பொறந்தது ஈரோடு பக்கம், ஒன்பது வயசுல இங்க வந்துட்டோம், தமிழ் படிப்பேன் ஆனா மெதுவாத்தான் வரும், அதனால தப்பு இருந்தா கண்டுக்காதீங்க.

எங்க ஆனர்ஸ் புரோகிராம்ல கடைசி வருஷம் தீசிஸ் எழுதணும், 60ல இருந்து 80 பக்கம், ரெண்டு ரீடர் (வாசிச்சு மதிப்பிடற புரொபசர்ங்க), கடைசில ஒரு வாய்மொழித் தேர்வு மாதிரி வெச்சு கேள்வி கேப்பாங்க. நான் இன்டர்நேஷனல் டாபிக் எடுத்துப் பண்றேன்னு சொல்லிட்டேன். டிபார்ட்மென்ட் தாண்டியும் பண்ணலாம், அதாவது ஒரு ரீடர் ஹிஸ்டரில இருந்தும் இன்னொருத்தர் எகனாமிக்ஸ்ல இருந்தும் வெச்சுக்கலாம், அதுக்கு அனுமதி இருக்கு. கேக்க நல்லாத்தான் இருந்துச்சு. ஏப்ரல் 15க்குள்ள புரொபோசல் குடுக்கணும்னதும்தான் வயித்தக் கலக்குது.

நான் "பனிப்போர் காலத்தில் இந்தியா-அமெரிக்கா உறவு"ன்னு மூணு பக்கம் எழுதிக் குடுத்தேன். புரொபசர் திருப்பி அனுப்பின மெயில்ல ஒரே வரிதான், "இது டாபிக் இல்ல, இது ஒரு அலமாரி"ன்னு. எனக்கு அழுகையே வந்துருச்சுங்க, மூணு வாரம் உக்காந்து படிச்சு எழுதினது.

என் கேள்வி இதுதான். ஒண்ணு, எப்படி சுருக்கறது, சுருக்குனா இன்டர்நேஷனல்ங்கறதே போயிடாதா? ரெண்டு, இந்தியா போய் ஆர்கைவ்ஸ் பாக்காம இந்த மாதிரி தீசிஸ் எழுத முடியுமா, ஏன்னா டிக்கெட்டுக்குக் காசு கிடையாது, சம்மர்ல வேலைக்குப் போகணும். மூணாவது, எனக்குத் தமிழ் தெரியும்ங்கறது இதுல எதுக்காவது உதவுமா, இல்ல அது சும்மா பேமிலி விஷயமா? அப்பறம் அம்மாவோட கேள்வி ஒண்ணு இருக்கு, "இத எழுதினா எவன் வேல குடுப்பான்"னு, அதுக்கும் யாராவது பதில் வெச்சிருந்தா சொல்லுங்க.

சும்மா_வந்தேன்:

அம்மா கேள்விதான் இதுல நல்ல ரிசர்ச் கேள்வி 😂

பழைய டிஏ:

தங்கச்சி, மொதல்ல அழுகைய நிறுத்து. நான் ஹிஸ்டரில பிஹெச்டி பண்ணப்ப டிஏவா, அதாவது டீச்சிங் அசிஸ்டன்ட்டா, அஞ்சு வருஷம் ஆனர்ஸ் தீசிஸ் வாசிச்சிருக்கேன், உன் புரொபசர் சொன்னது உண்மையில நல்ல மெயில். "நல்லாருக்கு, தொடருங்க"ன்னு சொல்லிட்டு மார்ச் மாசம் உன்ன நடு ஆத்துல விடற ஆள் நெறைய உண்டு. இவரு கரையிலயே புடிச்சு நிறுத்திருக்காரு.

சுருக்குனா இன்டர்நேஷனல் போயிடுமான்னு கேட்டியே, அங்கதான் எல்லாரும் சறுக்குறாங்க. இன்டர்நேஷனல்னா ரெண்டு நாட்டுப் பேர தலைப்புல ஒட்டுறதுன்னு நெனைச்சுக்கிட்டு வர்றாங்க. நான் வாசிச்சதுலயே உருப்படியா இருந்த ஒரு தீசிஸ் ஒரே ஒரு துறைமுகத்துல ஒரே வருஷம் நடந்த ஸ்ட்ரைக் பத்தினது, ஆனா அதுக்குள்ள நாலு நாடு வந்து போச்சு. உருப்படாததுல ஒண்ணு "உலகமயமாக்கலும் வளரும் நாடுகளும்"னு இருந்துச்சு, எழுதின பையன் ரொம்ப புத்திசாலி, ஆனா 80 பக்கத்துல அவன் சொன்னது எதுவும் அவன் கண்டுபிடிச்சது இல்ல, எல்லாம் ஏற்கெனவே யாரோ எழுதினதச் சுருக்கி எழுதினது.

நான் பசங்ககிட்ட கேக்கறது ஒண்ணுதான். நாளைக்குக் காலைல எந்திரிச்சு எந்தப் பெட்டியத் திறப்ப? பெட்டின்னா ஆர்கைவ் பெட்டியா இருக்கலாம், டேட்டா பைலா இருக்கலாம், லேப்ல சாம்பிளா இருக்கலாம். அதுக்குப் பதில் இல்லன்னா உங்கிட்ட இன்னும் டாபிக் இல்ல.

சரி, நீ இருக்கறது கான்சாஸ். சுத்திமுத்திப் பாரு, என்ன தெரியுது? கோதுமை. இந்தியாவுக்கும் அமெரிக்காவுக்கும் நடுவுல 1950, 60கள்ல கப்பல் கப்பலா போனது என்ன? அதே கோதுமைதான். பி.எல்.480ன்னு, அதாவது அமெரிக்கா தன்னோட மிச்ச தானியத்த மத்த நாடுகளுக்கு அனுப்பப் போட்ட சட்டம், உங்க தாத்தாகிட்ட கேட்டுப் பாரு, தெரியாதவங்க இருக்க மாட்டாங்க. 1954 ஜூலைல அந்தச் சட்டத்துல கையெழுத்துப் போட்டது ஐசன்ஹோவர், அவரு வளர்ந்த ஊரு கான்சாஸ்ல அபிலீன், அவரோட பிரெசிடென்ஷியல் லைப்ரரியும் அங்கதான் இருக்கு. அப்ப பிரதிநிதிகள் சபையில விவசாயக் கமிட்டித் தலைவர் கிளிஃபர்ட் ஹோப், அவரும் கான்சாஸ்காரர்தான். இந்தியாவுக்கு டிக்கெட் வாங்கக் காசில்லன்னு அழுவுற, பாதி இந்தியா உன் வீட்டுலருந்து கார்ல போற தூரத்துல பெட்டிக்குள்ள தூங்குது.

வீட்ட விட்டே நகராம ஆரம்பிக்கணும்னா அமெரிக்க வெளியுறவுத் துறை ஆவணத் தொகுதி இருக்கு, எஃப்.ஆர்.யு.எஸ்.னு சொல்லுவாங்க, அதுல 1964-68 தெற்காசியாவுக்குன்னு தனியா 25வது தொகுதி, ஆன்லைன்ல இலவசம். இன்னைக்கு ராத்திரியே உக்காந்து "கோதுமை"ன்னு தேடு, அப்பறம் வந்து பேசு.

ரிக்ரஷன் ராஜா:

டிஏ அண்ணன் ஹிஸ்டரி பக்கம் இழுக்கறாரு, நான் எகனாமிக்ஸ் பக்கம் இழுக்கறேன், தப்பா எடுத்துக்காதீங்க. பெட்டி பெட்டியா கடுதாசி படிச்சா கதை கிடைக்கும், சரி, ஆனா "இதனால இது நடந்துச்சு"ன்னு அடிச்சுச் சொல்ல முடியாது.

உணவு உதவி பத்தி ஒரு பெரிய பேப்பர் இருக்கு, நேதன் நன், நான்சி சியன்னு ரெண்டு பேர் எழுதி 2014ல அமெரிக்கன் எகனாமிக் ரிவ்யூல வந்துச்சு. அமெரிக்க உணவு உதவி போற நாட்டுல உள்நாட்டுச் சண்டை கூடுதா குறையுதான்னு கேள்வி. 125 நாடு, 1971ல இருந்து 2006 வரைக்கும். சண்டை நடக்கற நாட்டுக்குத்தானே உதவியும் போகும், அப்ப எது எதுக்குக் காரணம்னு எப்படிப் பிரிக்கறது? அவங்க புடிச்ச வழி என்ன தெரியுமா, முந்தின வருஷம் அமெரிக்காவுல கோதுமை எவ்வளவு விளைஞ்சுதுங்கறத வெச்சாங்க. கான்சாஸ்ல மழை பேஞ்சா விளைச்சல் கூடும், அரசாங்கம் விலை விழாம இருக்க மிச்சத்த வாங்கும், அது உதவியா வெளிய போகும், ஆனா கான்சாஸ் மழைக்கும் வேற கண்டத்துச் சண்டைக்கும் நேரடியா ஒரு சம்பந்தமும் இல்ல. உதவி கூடினா சண்டையும் கூடுதுன்னு முடிச்சாங்க. பெரிய பேச்சாச்சு.

அப்பறம் கிறிஸ்டியன், பாரெட்னு ரெண்டு பேர் வந்து, இதுல இருக்கறது ரெண்டு டிரெண்ட் ஒண்ணா ஏறி இறங்கின தற்செயல்தான்னு பிரிச்சு மேஞ்சுட்டாங்க. நீங்க எகனாமிக்ஸ் மைனர்தானே, மொதல் பேப்பரோட டேட்டா ஜர்னல் சைட்லயே கிடக்குது, எடுத்து அதே டேபிள நீங்க ஒருதடவ ஓட்டுங்க, அப்பறம் ரெண்டாவது ஆளுங்க சொன்ன சோதனையப் போட்டுப் பாருங்க. ஒரு அண்டர்கிராட் இத ஒழுங்கா பண்ணாலே பிஹெச்டி அட்மிஷன் கமிட்டி நிமிந்து உக்காரும். அம்மாவுக்கும் பதில் கிடைச்சுரும், இந்த வேலை கத்துக்கிட்டவங்களுக்கு பேங்க்லயும் கன்சல்டிங்லயும் கதவு திறக்கும்.

பழைய டிஏ:

ராஜா தம்பி, நல்ல யோசனை, ஆனா ஒண்ணு மறந்துட்ட. அந்த டேட்டா ஆரம்பிக்கறதே 1971ல. இந்தியாவோட பி.எல்.480 கதை கிட்டத்தட்ட முடிஞ்சதுக்கு அப்பறம். அவ கேக்கறது இந்தியா.

ரிக்ரஷன் ராஜா:

அதான் சொல்றேன், இந்தியாவ விடுங்கன்னு. சொந்த ஊரு பத்தியே எழுதணும்னு யார் சட்டம் போட்டது?

பழைய டிஏ:

அதுவும் சரிதான். ஆனா தமிழ் வேற வெச்சிருக்கா, அத ஏன் வீணாக்கணும்.

தருமபுரி வாத்தியார்:

வணக்கம். நான் ரிட்டயர்டு பள்ளி ஆசிரியர், வயசு 68. ஆராய்ச்சி எல்லாம் எனக்குத் தெரியாது, பேத்திதான் இந்தத் திரியைக் காட்டினாள், கோதுமை என்றதும் எழுதத் தோன்றியது.

நான் மூணாம் வகுப்பு படிக்கும்போது பள்ளிக்கூடத்தில் மதியம் உப்புமா போடுவார்கள், கேர் உப்புமா என்றுதான் பெயர். மூட்டையில் ரெண்டு கை குலுக்குகிற மாதிரி படமும் கீழே இங்கிலீஷும் இருக்கும், அமெரிக்க மக்களின் அன்பளிப்பு என்று எங்கள் வாத்தியார் படித்துச் சொல்வார். பால் பவுடரைக் கரைத்துக் கொடுப்பார்கள், அந்த வாடை எனக்குப் பிடிக்காது, ஆனால் பவுடரை அப்படியே கையில் வாங்கி நக்குவதற்குச் சண்டை நடக்கும், மேல் அண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். காலி மூட்டையில் என் அப்பா எனக்கு ஒரு பை தைத்துக் கொடுத்தார். அமெரிக்கக் கொடி போட்ட பையோடு நான் பள்ளிக்கூடம் போனேன், பையின் ஒரு பக்கம் கை குலுக்கல், மறுபக்கம் என் சிலேட்.

எங்கள் வீட்டில் அதுவரை கோதுமை கிடையாது. கேழ்வரகுக் களிதான். ரேஷனில் கோதுமை போட்டபோது என் அம்மா அதை என்ன செய்வது என்று தெரியாமல் அரிசி மாதிரி வடிக்கப் பார்த்தார். பாப்பா, இதெல்லாம் உன் ஆராய்ச்சிக்கு உதவுமா என்று தெரியாது. என் வயதுக்காரர்கள் இன்னும் கொஞ்ச நாளைக்குத்தான் இருப்போம், கேட்பதாக இருந்தால் கேட்டுக்கொள்.

ஈரோட்டுக்காரி_கான்சாஸ்:

ஐயா ரொம்ப நன்றிங்க. அந்தப் பை விஷயம் படிச்சு கொஞ்ச நேரம் அப்படியே உக்காந்துட்டேன். உங்கள மாதிரி ஆளுங்க கிட்ட போன்ல பேசி எழுதலாமா? அதுக்கு யுனிவர்சிட்டில ஐ.ஆர்.பி., அதாவது மனுஷங்கள வெச்சுப் பண்ற ஆராய்ச்சிய சரிபாக்கற கமிட்டி, அவங்ககிட்ட அனுமதி வாங்கணும்னு சொன்னாங்க, அது பெரிய தலவலின்னும் சொன்னாங்க.

பழைய டிஏ:

ஐயா எழுதினது பொக்கிஷம். ஆனா தங்கச்சி, ஒரு நுணுக்கம் கவனி, உன் ரீடர் இதுல புடிப்பாரு. ஐயா சாப்பிட்ட உப்புமாவும் ரேஷன் கடைக்கு வந்த கோதுமையும் ஒரே சட்டத்தோட வேற வேற பகுதில வந்தது. முதல் பகுதின்னா விற்பனை, இந்தியா டாலர் குடுக்க வேண்டாம், ரூபாயாவே குடுக்கலாம், அந்த ரூபாய் அமெரிக்கக் கணக்குல இந்தியாவுலயே கிடக்கும். கேர் மாதிரி தொண்டு நிறுவனம் வழியா வந்தது இனாம், அது மூணாவது பகுதில இருந்துச்சு, 1966ல சட்டத்த மாத்தினப்ப ரெண்டாவது பகுதிக்குப் போச்சு. எல்லாத்தையும் "பி.எல்.480"ன்னு ஒரே சாக்குல கட்டினா தீசிஸ் அங்கயே ஓட்டை.

ஐ.ஆர்.பி. பத்தி: 2019 ஜனவரில இருந்து நடைமுறைக்கு வந்த புது விதில வாய்மொழி வரலாறு, அதாவது ஒருத்தரோட அனுபவத்த அவர் அனுபவமாவே பதிவு பண்றது, "ஆராய்ச்சி"ங்கற சட்ட வரையறைக்குள்ள வராதுன்னு இருக்கு. ஆனா அத முடிவு பண்ண வேண்டியது நீ இல்ல, உன் யுனிவர்சிட்டி ஐ.ஆர்.பி. ஆபீஸ்தான். ஒரு பக்கம் மெயில் எழுதி மொதல்லயே கேட்டு எழுத்துல பதில் வாங்கி வெச்சுக்க. போன் போட்டு ரெக்கார்ட் பண்ணிட்டு அப்பறம் கேக்காத, நான் டிஏவா இருந்தப்ப ஒரு பொண்ணு அப்படிப் பண்ணி 14 பேட்டியையும் தூக்கிப் போட வேண்டியதாச்சு.

நூலகத்துப் பூனை:

கொஞ்சம் லேட்டா வர்றேன். நான் அமெரிக்காவுல ஒரு யுனிவர்சிட்டி லைப்ரரில தெற்காசியப் பிரிவுல வேலை பாக்கறேன். பி.எல்.480ன்னதும் எல்லாரும் சோத்தப் பத்தியே பேசறீங்க, நான் தினமும் தொடற பொருள் ஒண்ணு அதுல வந்ததுதான். புத்தகம்!

டிஏ சொன்னாருல்ல, ரூபாய் இந்தியாவுல கிடக்கும்னு. அது மலை மாதிரி குவிஞ்சுபோச்சு, வெளிய எடுத்துட்டுப் போனா ரூபாய் கவுந்துரும், அங்கயே செலவு பண்ணியாகணும். அதுல ஒரு துளிய எடுத்து இந்தியாவுல வெளிவர்ற புத்தகங்கள வாங்கி அமெரிக்க யுனிவர்சிட்டி லைப்ரரிகளுக்கு அனுப்பலாம்னு முடிவு பண்ணினாங்க. 1962ல லைப்ரரி ஆஃப் காங்கிரஸ் டெல்லில ஆபீஸ் திறந்துச்சு. இங்கிலீஷ், ஹிந்தி மட்டும் இல்ல, தமிழும். பக்திப் பாட்டுல இருந்து நாவல், வார இதழ், சமையல் புஸ்தகம் வரைக்கும். இதனாலதான் சிகாகோலயும் பெர்க்லிலயும் மேடிசன்லயும் சென்னையில கூட தேடினா கிடைக்காத தமிழ்ப் புத்தகம் அலமாரில இருக்கு. பழைய கேட்டலாக் பதிவுகள்ல பி.எல்.480ன்னே குறிப்பு போட்டிருக்கும். கோதுமை அந்தப் பக்கம் போச்சு, புத்தகம் இந்தப் பக்கம் வந்துச்சு.

மிச்ச ரூபாய் என்னாச்சுன்னு கேட்டா, 1974 பிப்ரவரில அமெரிக்கத் தூதரா இருந்த மொய்னிஹான் இந்திய அரசுக்கு 1,664 கோடி ரூபாய்க்கு ஒரே செக் எழுதிக் குடுத்தாரு. அதுக்குள்ள குவிஞ்சதுல பெரும்பகுதிய அப்படியே கணக்கு தீர்த்தாங்க.

கண்ணம்மா, தமிழ் உதவுமான்னு கேட்டியே. உன் கிளாஸ்ல எத்தன பேரால 1966ல வந்த ஒரு தமிழ் வாரப் பத்திரிகைய எடுத்து, கோதுமை பத்தி என்ன கார்ட்டூன் போட்டான், என்ன கிண்டல் பண்ணினான்னு படிக்க முடியும்? மெதுவா படிச்சா போதும், யாரும் ரேஸ் வைக்கல. இன்டர்லைப்ரரி லோன்ல மைக்ரோபிலிம் வரவழைக்கலாம். சென்னை ரோஜா முத்தையா நூலகத்துக்கும் ஒரு மெயில் போட்டுப் பாரு, எந்தப் பத்திரிகை எந்த வருஷம் அவங்ககிட்ட இருக்குன்னு கேளு. என்ன வருஷம், என்ன பத்திரிகைன்னு நீ தெளிவா கேட்டா லைப்ரரியன்கள் உசுரக் குடுத்துத் தேடித் தருவாங்க, "இந்தியா அமெரிக்கா உறவு பத்தி என்ன இருக்கு"ன்னு கேட்டா ஒரு சிரிப்புதான் கிடைக்கும். நானும் அப்படித்தான் 😼

குயின்ஸ்லாந்து கொக்குவில்:

நானும் ஒண்டு சொல்லட்டோ. நான் அவுஸ்திரேலியாவில இருக்கிறன், இஞ்ச ஆனர்ஸ் எண்டா மூண்டு வருசம் முடிச்சாப் பிறகு தனியா ஒரு வருசம், முழுக்க முழுக்க ஆராய்ச்சி. நான் தாவரவியலில செய்தனான், பார்த்தீனியம் களை பற்றி. நீங்கள் அங்க காங்கிரஸ் புல்லு எண்டு சொல்லுறது.

உங்கட கோதுமைக் கதைக்கும் இதுக்கும் தொடர்பு இருக்கு. இந்தியாவில ஆரைக் கேட்டாலும் அந்தக் களை பி.எல்.480 கோதுமையோட அமெரிக்காவில இருந்து வந்தது எண்டுதான் சொல்லுவினம். நானும் என்ர முதல் டிராஃப்ட்டில அப்பிடியே எழுதிப்போட்டன். சூப்பவைசர் சிவப்பு மையால ஒரு வட்டம் போட்டு "திகதி?" எண்டு மட்டும் எழுதி வைச்சிருந்தார். பாத்தா, பூனாவில ஆக்கள் அந்தச் செடியைக் கவனிச்சது 1955. இந்தியா முதல் பி.எல்.480 ஒப்பந்தம் போட்டது 1956 ஆகஸ்ட். அப்ப எப்பிடி? அதோட விடேல்ல, 1814ம் ஆண்டு கல்கத்தா தாவரவியல் தோட்டத்துப் பட்டியலில, ராக்ஸ்பரோ போட்டது, அதிலயே பார்த்தீனியம் பேர் இருக்கு. சரி, கதை பொய் எண்டு எழுதுவம் எண்டு போனா அதுவும் முழுசாச் சரியில்ல, ஏனெண்டா 1951லயே அமெரிக்கா இந்தியாவுக்குக் கடனாக் கோதுமை குடுத்திருக்கு, அந்தச் சட்டம் வர முந்தியே. அப்ப தானியத்தோட வந்திருக்கலாம், ஆனா மக்கள் சொல்லுற அந்தத் தானியத்தோட இல்ல.

எங்கட பக்கமும் இதே மாதிரித்தான். வவுனியாவில 1999ல அந்தச் செடியைப் பதிவு செய்தவை. கேட்டா இந்திய ஆமி 1987ல வந்தேக்க அவையின்ர ஆடுகளோட வந்தது எண்டு சொல்லுவினம். இஞ்ச குயின்ஸ்லாந்தில டெக்சாஸ் புல்லு விதையோட 1960 அளவில வந்தது எண்டு பதிவிருக்கு. எல்லா ஊரிலயும் களை வெளியாளின்ர மூட்டைக்குள்ளால தான் வருது. கடைசியில என்ர தீசிஸில முளைப்புத்திறன் பரிசோதனை 50 பக்கம், இந்தக் கதை 6 பக்கம், ஆனா வாய்மொழித் தேர்வில கேட்ட கேள்வி முழுக்க அந்த 6 பக்கத்தில. தங்கச்சி, ஆர் என்ன சொன்னாலும் முதல் திகதியைப் பாருங்கோ.

சும்மா_வந்தேன்:

கோதுமைல ஆரம்பிச்சு புஸ்தகம், ஆடு, ஆமி வரைக்கும் வந்துட்டீங்க. இனி ஜோசியம்தான் பாக்கி

ஈரோட்டுக்காரி_கான்சாஸ்:

எல்லாருக்கும் நன்றிங்க, நாலு நாள் கழிச்சு வர்றேன். டிஏ அண்ணா சொன்ன அந்த 25வது தொகுதிய ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் படிச்சேன், நிஜமா கீழ வெக்க முடியல. 1965ல மழை பொய்ச்சு இந்தியாவுல தானிய விளைச்சல் 89 மில்லியன் டன்ல இருந்து 72க்கு விழுந்துருச்சு, 66லயும் மழையில்ல, அந்த வருஷம் மட்டும் ஒரு கோடி டன் இறக்குமதி. அந்த நேரத்துல அமெரிக்க அதிபர் ஜான்சன் வருஷ ஒப்பந்தம் போடாம மாசா மாசம் கொஞ்சம் கொஞ்சமா விடறாரு, கயிறப் புடிச்சுக்கிட்டு. விவசாயத்துல காசு போடு, வியட்நாம் பத்திப் பேசறதக் கொறைன்னு சொல்லாம சொல்றாரு. 65 நவம்பர்ல ரோம்ல அப்ப இந்திய உணவு, விவசாய அமைச்சரா இருந்த நம்ம சி.சுப்பிரமணியமும் அமெரிக்க விவசாயச் செயலாளர் ஃப்ரீமேனும் ரகசியமா ஒப்பந்தம் போடறாங்க. சி.எஸ். எங்க கொங்குப் பக்கத்துக்காரர்ங்கறதால எங்க தாத்தாவுக்கு அவர்னா உசுரு, அந்தப் பேர அமெரிக்க ரகசியப் பேப்பர்ல பாத்ததும் ஒரு மாதிரி ஆயிருச்சுங்க.

ஆனா நான் புடிச்சது வேற. 1966 டிசம்பர்ல ஜான்சன், நான் ஒருத்தனே முடிவெடுத்தேன்னு வரக்கூடாதுன்னு, அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ்ல இருந்து நாலு பேர இந்தியாவுக்கு அனுப்பறாரு, பஞ்சம் நிஜமான்னு பாத்துட்டு வாங்கன்னு. போஜ், மெகீ, மில்லர், நாலாவது ஆளு பாப் டோல்! அப்ப அவரு கான்சாஸ் கோதுமைத் தொகுதி எம்.பி. மாதிரி, ரிபப்ளிகன், ஜான்சனுக்கு எதிர்க்கட்சி. அவரோட பேப்பர்ஸ் இங்க கான்சாஸ்லயே லாரன்ஸ் ஊர்ல டோல் இன்ஸ்டிட்யூட்ல இருக்கு.

அதனால என் கேள்விய இப்படி எழுதிருக்கேன். "1966 டிசம்பர் இந்தியப் பயணத்துக்கு முன்னாடியும் பின்னாடியும் டோல் தன் தொகுதிக் கோதுமை விவசாயிங்ககிட்ட இந்தியாவப் பத்தி என்ன சொன்னாரு, அவங்க என்ன எழுதினாங்க?" அந்த நேரம் அமெரிக்காவுல மிச்சக் கோதுமையே கரைஞ்சுக்கிட்டு வருது, 66 சட்டத்துல "உபரி"ங்கற நிபந்தனையவே எடுத்துட்டாங்க, அப்ப விவசாயிக்கு இது இனி கொட்டற இடம் இல்ல, அப்பறம் ஏன் ஆதரிக்கணும்? இது ரொம்பச் சின்னதாயிடுச்சோன்னு பயமா இருக்கு.

பழைய டிஏ:

எந்திரிச்சு நின்னு கை தட்டறேன். சின்னதெல்லாம் இல்ல, இதுக்குள்ள டெல்லி, வாஷிங்டன், ரோம், மேற்குக் கான்சாஸ் எல்லாம் அடக்கம், சைகான் கூட ஓரமா நிக்குது.

இப்ப பண்ண வேண்டியது. ஆர்கைவ்ஸ்க்குச் சும்மா போய் நிக்காத, அவங்க பெட்டிப் பட்டியல் ஆன்லைன்ல இருந்தா படிச்சுட்டு, எந்த வருஷம் எந்தப் பிரிவுன்னு குறிச்சு ஒரு மெயில் போடு, எது திறந்திருக்கு எது இன்னும் ஒழுங்குபடுத்தலன்னு ஆர்கிவிஸ்ட் சொல்லுவாங்க. பேனா கொண்டு போகாத, பென்சில்தான். போன்ல போட்டோ எடுக்க விட்டா ஒவ்வொரு தாளுக்கும் முன்னாடி பெட்டி நம்பர், போல்டர் பேரையும் ஒரு போட்டோ எடு, இது பண்ணாதவன் பிப்ரவரில 900 போட்டோவ வெச்சுக்கிட்டு எது எங்கருந்து வந்ததுன்னு தெரியாம முழிப்பான். அந்தப் பெட்டில ஒண்ணுமே இல்லன்னா என்ன பண்றதுன்னும் இப்பவே யோசி. அந்த மாவட்டத்து உள்ளூர்ப் பேப்பர் எல்லாம் டோபிகால மாநில வரலாற்றுச் சங்கத்துல மைக்ரோபிலிம்ல இருக்கும், அத இரண்டாவது காலா வெச்சுக்க.

ஐயாவோட நினைவு, பூனை அக்கா சொன்ன தமிழ்ப் பத்திரிகை ரெண்டும் அருமை, ஆனா இந்தத் தீசிஸுக்குள்ள எல்லாத்தையும் திணிக்காத. ஒரு அத்தியாயத்துல அந்த டிசம்பர் மாசத்த மட்டும் எடுத்து, கான்சாஸ் பேப்பர் என்ன எழுதுச்சு, அதே வாரம் தமிழ்ப் பத்திரிகை என்ன எழுதுச்சுன்னு பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பாரு. அத உன் டிபார்ட்மென்ட்ல வேற யாரும் பண்ண முடியாது.

ரிக்ரஷன் ராஜா:

சரி, தோத்துட்டேன்னு சொல்ல மாட்டேன் 😄 ஆனா ஒரே ஒரு டேபிளாவது போடுங்க ப்ளீஸ். மாசா மாசம் எத்தன டன் அனுமதி, எத்தன டன் கப்பல் ஏறுச்சு. "கயிறப் புடிச்சாரு"ன்னு எல்லாரும் எழுதறாங்க, கப்பல் நிஜமா எவ்வளவு தாமதமாச்சுன்னு நம்பரோட பாத்தா சில மாசம் கயிறு வெறும் வாய்ப்பேச்சாக் கூட இருந்திருக்கலாம். எகனாமிக்ஸ் ரீடருக்கு அதப் போட்டாப் போதும்.

நூலகத்துப் பூனை:

ஜனவரி 1967ல தமிழ்நாட்டுல எலெக்‌ஷன் ஜுரம் உச்சத்துல, அரிசிப் பஞ்சம்தான் மேடையில பேச்சு, பிப்ரவரில காங்கிரஸ் ஆட்சியே போச்சு. அந்த மாசத்துப் பத்திரிகைல கோதுமை பத்தி ஜோக் இல்லாம இருக்கவே இருக்காது, எடுத்தவொடனே எனக்கும் ஸ்கேன் அனுப்பு.

தருமபுரி வாத்தியார்:

ஆமாம், ரூபாய்க்கு மூணு படி அரிசி என்று சுவரெல்லாம் எழுதியிருப்பார்கள் என்று என் அண்ணன் சொல்வார். கோதுமையைத் தின்று தின்று சலித்தவர்கள் ஓட்டுப் போட்டார்கள். பாப்பா, அனுமதி வாங்கிக்கொண்டு போன் செய், காலை ஏழு மணிக்குள் என்றால் நல்லது, அப்புறம் நான் தோட்டத்துக்குப் போய்விடுவேன்.

ஈரோட்டுக்காரி_கான்சாஸ்:

ஐயா உங்களுக்குக் காலைல ஏழுன்னா எனக்கு முந்தின நாள் சாயங்காலம், கண்டிப்பா கூப்பிடறேன்ங்க. ஐ.ஆர்.பி. ஆபீஸுக்கு மெயில் போட்டாச்சு. டோல் ஆர்கைவ்ஸ்ல இருந்து பதில் வந்துருச்சு, ஸ்பிரிங் பிரேக்ல வரச் சொல்லிருக்காங்க. புரொபசருக்குப் புது புரொபோசல் அனுப்பினேன், இந்தத் தடவ ரெண்டு வரி வந்துச்சு, மொதல் வரி "இது கேள்வி", ரெண்டாவது வரில ஒரு கமா தப்புன்னு போட்டிருந்தாரு. அம்மாகிட்ட டேபிள் எல்லாம் போடப் போறேன், பேங்க் வேலைக்கு உதவும்னு ராஜா அண்ணன் சொன்னத அப்படியே ஒப்பிச்சேன். நம்பல. ஆனா லாரன்ஸ் போக கார் சாவி குடுத்துட்டாங்க.

சும்மா_வந்தேன்:

குயின்ஸ்லாந்து அண்ணே, எங்க காலி மனை முழுக்க அந்த காங்கிரஸ் புல்லுதான், கை பட்டாலே அரிக்குது, என்ன பண்றது?

குயின்ஸ்லாந்து கொக்குவில்:

பூக்க முந்திப் பிடுங்குங்கோ, கையுறை போட்டுக்கொண்டு, வேரோட. பூத்தாப் பிறகு பிடுங்கினா நீங்களே விதை தூவின மாதிரி. மெக்சிக்கோ வண்டு ஒண்டை 1984ல பெங்களூரில விட்டவை, இலையைத் தின்னும், ஆனா அது உங்கட மனைக்கு வருமோ எண்டு வண்டைத்தான் கேக்கவேணும்.

சும்மா_வந்தேன்:

வண்டும் இன்டர்நேஷனலா. சரி, கையுறை வாங்கிட்டு வர்றேன்